நூறு வாட் செவிடு

ஒன்பது நாளாக சொய்லாவின் அக்கா ஒர்த்தென்சியாவின் குரல் வரவில்லை. எரிமலையின் மேற்கு ஓடை பிறக்கும் இடத்தில் காவல் இருப்பவள் அவள். சேறு கிளம்பினால் முதலில் பார்க்கப்போவதும் அவள்தான். கீழே ஓடைக்கரையில் நாற்பது வீடுகள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் காவலர்கள் ஒவ்வொருவராக, மலை என்ன செய்கிறதென்று வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தால் மட்டும் வெறும் இரைச்சல்.

எல்லாம் தலைநகரிலிருந்து வந்த இன்ஜினியர் வில்லாசிஸ் செய்த உபகாரம். குன்றின் மேலிருந்த ரிப்பீட்டர், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பெட்டி. இருபத்தைந்து வாட்டில் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் மாட்டி, சீல் வைத்துவிட்டு டவுனுக்கு இறங்கினார். டவுனில் கணீரென்று கேட்டது. ஊர் வழக்கப்படி எல்லாரும் சேர்ந்து கினிப்பன்றி சுட்டு விருந்து வைத்தார்கள். கை தட்டியவர்களில் சொய்லாவும் ஒருத்தி. பத்து வருடமாக அந்தப் பெட்டியைப் பராமரித்தவள் கை தட்டலாமா? நினைத்தால் அவளுக்கே தன்னை அறையத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பேட்டரி இறங்கி ஆம்ப்ளிஃபயர் இரண்டு நிமிடம் அணைந்தபோது, அக்காவின் குரல் துண்டு துண்டாக வந்தது. சொய்லாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெட்டி தன் கூச்சலிலேயே செவிடாகிறது. இன்ஜினியரிடம் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"நீ போய் உருளைக்கிழங்கு விதைக்கிற வேலையைப் பாரும்மா. உங்க அக்கா செட்டுதான் பழசு," என்றார்.

இன்று காலையிலிருந்து உச்சியில் மழை. மத்தியானம் கணவன் செகுந்தோவை இழுத்துக்கொண்டு குன்றேறினாள்.

"சீலை உடைச்சா போலீஸ் வரும்டி!"

"வரட்டும். ஓடை வர்றதுக்கு முன்னாடி வந்தா சரி."

கரண்டை நிறுத்தினாள். சீலை உடைத்து, ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். ஆம்ப்ளிஃபயர் அணைந்தும் குரல் துண்டு துண்டாகத்தானே வந்தது என்று ஆன்டெனா கேபிளின் முனையையும் வெட்டிப் பார்த்தாள்; உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"அதையுமா வெட்டுற?"

"சீலே போயாச்சு. இனி ஜாண் போனா என்ன, முழம் போனா என்ன? அந்த டேப்பை எடு."

ஈரம் ஏறிய நீளத்தை வெட்டி எறிந்து, புது முனை பூட்டி, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினாள். ஆறடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் சுவிட்சைப் போட்டாள்.

முதலில் வந்தது டவுனிலிருந்து இன்ஜினியர்தான். "சத்தம் குறைஞ்சிருக்கு. பெட்டியில யார் கை வச்சது?"

"நான்தான். சொய்லா காகுவானா. எழுதிக்கோங்க."

"உடனே பழையபடி மாட்டு! கேஸ் போட்டுடுவேன், தெரியுமா?"

பேசும் பொத்தானிலிருந்து அவர் விரலை எடுத்த இடைவெளியில் ஒரு கரகரத்த குரல் நுழைந்தது.

"அடியே சொய்லா! ஒன்பது நாளா தொண்டை கிழியக் கத்துறேன், எல்லாரும் செத்தா போயிட்டீங்க? ஓடை சேறா வருது. கல்லு உருளுற சத்தம் கேக்குது!"

"பேசுறது யாரு? முறைப்படி முதல்ல உன் நம்பரைச் சொல்லு," என்று இன்ஜினியர் குறுக்கே விழுந்தார்.

சொய்லா தன் பொத்தானை அழுத்தினாள்.

"வாயை மூடுங்க, இன்ஜினியர். எங்க அக்கா பேசுறா."

ஒர்த்தென்சியா பேசினாள்; கீழே இருந்த வாக்கி-டாக்கிகளிலெல்லாம் அவள் குரல் கேட்டது. கீழே ஓடைக்கரையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பன்றிகளை விரட்டிக்கொண்டு, நாற்பது வீடும் மேட்டைப் பார்த்து ஓடியது. யாரும் யாருடைய அனுமதியும் கேட்கவில்லை.