கோழி தின்னாத சாமி

மருமகள் ராமக்கா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முனியப்பன் சரிவுக்குக் கிழங்கு தோண்டப் போயிருக்கிறாள் என்று கேட்டதும் மல்லையன் போட்டது போட்டபடி ஓடினார்.

எண்பத்திமூணாம் வருஷம். மழை ஏய்த்துவிட்டது. சாமை கருகி, சித்தேரி மலையில் வயிறு காயாத வூடு கிடையாது. அந்தச் சரிவில் மட்டும் காடு கருகருவென்று நிற்கும். நாற்பது வருஷமாக அங்கே ஒருத்தரும் கால் வைக்கவில்லை.

வைக்க விட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்து உலகச் சண்டையில் பட்டாளம் வந்து பாதிக் காட்டை வெட்டி லாரியில் ஏற்றியது. மீதிக் காட்டில் பீரங்கி சுட்டுப் பழகியது. சண்டை முடிந்ததும் போயே போய்விட்டது. வெடிக்காத குண்டு மண்ணுக்குள் கிடப்பதை எவனும் சொல்லவில்லை. மல்லையனின் தம்பி சின்னன் கிழங்குக்குக் குத்தினான், குண்டு வெடித்தது; பொறுக்கித்தான் புதைத்தார்கள். குண்டு என்று சொன்னால் இரும்புக்கு ஆசைப்பட்டு எவனாவது போவான். அதனால் மல்லையனும் அன்றைய பெரியவர்களும் சரிவைச் சுற்றிக் கல் நட்டு, முனியப்பன் காவு கேட்கிறான் என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை.

கல்லடியில் கோழி ரத்தம் ஈரமாக இருந்தது. மல்லையன் இரைக்க இரைக்க நின்றார். கொஞ்சம் உள்ளே ராமக்கா கடப்பாரையை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கடப்பாரைய அப்படியே வுட்டுட்டு வா ஆயா. அதப் புடுங்காத."

"பூ கேட்டேன் மாமா. வலப்பக்கம் குடுத்துட்டாரு. கோழியும் அறுத்தாச்சு."

"அங்க சாமியே இல்ல. கல்லு நாங்க நட்டது. உள்ள கெடக்கறது பட்டாளத்துக் குண்டு. அது கோழி தின்னாது."

ராமக்கா சிரித்தாள். "கும்புடச் சொன்னதும் நீங்கதான், இல்லைங்கறதும் நீங்கதான். எதைங்க நம்பறது?"

சொல்லிக்கொண்டே கடப்பாரையை அசைத்தாள். அடியில் இரும்போடு இரும்பு உரசியது. பாறையில் அந்தச் சத்தம் வராது, அது அவளுக்கும் தெரியும். சிரிப்பு நின்றுபோச்சு. கையை எடுத்தாள். தன் காலடித் தடத்திலேயே மிதித்து மிதித்து வந்தாள். மல்லையன் அவள் கையைப் பிடித்துக் கல்லுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்.

அவள் காட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, சாமி உத்தரவு குடுத்துடுச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்."

சரிவின் அந்தக் கோடியில் பொம்பளைகள் பேச்சுக் கேட்டது. ஒருத்தி சாமியைக் கூப்பிட்டாள். மரங்கள் மறைத்திருந்தன; தலை ஒன்றும் தெரியவில்லை. மல்லையன் தொண்டை கிழியக் கத்தினார். எதிர்க்காற்று கத்தலை அவர் வாயிலேயே திருப்பிப் போட்டது.

அந்தக் கோடியில் கடப்பாரைகள் மண்ணைக் குத்தத் தொடங்கின.