மண்டபம் மலையேறிய காலை

என் தம்பி நிலவன் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். இந்தச் சந்திரவல்லி வாயிலிருந்து வெளியே வந்த சொல் திரும்ப உள்ளே போனதில்லை. சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரர் முத்துக்கண்ணனைக் கேட்டுப் பாருங்கள், பதினெட்டு வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறார்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. தம்பிக்குச் சென்னையில் சோலி. சரக்கு வண்டிகள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன என்று போனிலேயே காட்டுகிற கம்பெனி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் ஒன்று சேர்த்து, தன் கல்யாணத்துக்கு அவனே போனில் ஒரு பத்திரிகை செய்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தான். எனக்கும் வந்தது. தொட்டதும் நாதஸ்வரம் வாசித்தது. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் பேசியது.

"வணக்கம் சந்திரவல்லி. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கல்யாண மண்டபம் முப்பத்தோரு கிலோமீட்டர். மலைப்பாதையில் மழை பெய்கிறது. சற்று முன்னதாகவே கிளம்புங்கள்."

எனக்கு வந்ததே கோபம்! எவளோ ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் இருக்கிற இடம் அவளுக்குத் தெரிகிறது. எங்கள் மலையில் மழை பெய்வதுகூடத் தெரிகிறது. கூடப் பிறந்தவனுக்கு மட்டும் என் வாசல் தெரியவில்லையா? போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், இந்த ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்து வீட்டில் நாங்கள் குடிவந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஒரு தடவை அவன் இந்தப் படி ஏறியதில்லை. அப்பா போனபின் ஏலச்செடிக்குள் குனிந்த இடுப்பு நிமிராமல் காய் எடுத்து அவனைப் படிக்க வைத்தவள் நான்.

எங்கள் பக்கம் முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது கூடப் பிறந்தவளுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நேரில் வந்து, 'வந்து நடத்திக் குடுக்கா' என்று கூப்பிட வேண்டும். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மீதி இரண்டையும் போடுவது அக்காதானே?

உடனே அவனுக்குக் குரலில் பதில் அனுப்பினேன்.

"போன விட்டுத்தானடா கூப்பிட்ட? அந்தப் போனே வந்து முடிச்சப் போடும். நான் வரல."

அவன் மறுநாள் கூப்பிட்டான். "லீவு கெடைக்கலக்கா, கல்யாணத்துக்கு மொத நாத்தான் ஊருக்கு வர்றேன்..." என்று இழுத்தான். நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா பேசினாள். நான் வராவிட்டால் சித்தப்பா மகள் பானுப்பிரியாவை முடிச்சுப் போடச் சொல்லப் போகிறார்களாம். போடட்டும் என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணி. பத்தரைக்கு மேல் கீழே போடியில் முகூர்த்தம். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் முழித்தார். நான் காய் எடுக்கிற கூடையை இடுப்பில் கட்டியிருந்தேன். பட்டுச்சேலை கட்டிலில் தேய்த்து மடித்து இருந்தது. சும்மா பெட்டியில் கிடந்தால் சுருங்கிவிடுமே என்று தேய்த்தது. தலைக்கும் குளித்திருந்தேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பது பழக்கம்தானே. அன்றைக்குப் புதன்கிழமை.

"நீங்க போறதுன்னா போங்க. நான் தோட்டத்துக்குப் போறேன்" என்றேன்.

அவர் போனில் அந்தப் பத்திரிகையைத் திறந்தார். நாதஸ்வரம் முடிந்து அவள் பேசினாள்.

"கல்யாண மண்டபம் இருபத்தாறு கிலோமீட்டர்."

"நேத்து முப்பத்தொண்ணுன்னு சொன்னா?" என்றார் அவர். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி தொட்டார்.

"கல்யாண மண்டபம் இருபத்தைந்து கிலோமீட்டர்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வாழைமரம் கட்டிய ஒரு குட்டி மண்டபம் சாலைமேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. "ஏடி, இங்க வந்து பாரு! மண்டபம் அடிவாரத்து முந்தலத் தாண்டி மலையேறுதுடி!"

"விடிஞ்சும் விடியாமலும் என்னத்தக் குடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே போய் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா. "ஆத்தா சந்திரா, மாப்பிள்ளையக் காணோம்டி! பட்டு வேட்டியோட பைக்க எடுத்துக்கிட்டு எங்கிட்டோ போயிட்டான்டி! பொண்ணு வீட்டு ஆளுக இப்ப வந்துருவாக, நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

என் வீட்டுக்காரர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அட, நேத்து ராத்திரி வீடியோல பேசும்போது மாப்ள எனக்கு இதக் காமிச்சான். ஒத்திக பாக்கணும் மாமான்னு, தன் போனையே மண்டபம்னு வச்சிருந்தான். அத மாத்த மறந்துட்டான் போல. வர்றது மண்டபம் இல்லடி, உன் தம்பி!"

வருகிறான். முகூர்த்த நாளும் அதுவுமாக என்னைத் தேடி வருகிறான். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் காட்டிக்கொள்ளலாமா?

"அவன் இங்கதான் வர்றான்னு ஆத்தாட்டச் சொல்லுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தேன். "வரட்டும். வந்து கூப்பிடட்டும். நானா ஒரு வார்த்த பேசமாட்டேன்."

கூடையை அவிழ்க்கவில்லை. தோட்டத்துக்கும் போகவில்லை. "இப்ப எத்தன?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது என்றாள் அவள். பதினேழு. பதினான்கு. பன்னிரண்டு. பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, அதே பன்னிரண்டு. "அந்த வளைவுல சிக்னல் இருக்காது" என்றார் அவர். தெரியும்தான். பதினேழு கொண்டை ஊசி வளைவு, மழைத் தரை, இரண்டு சக்கர வண்டி, இடுப்பில் வழுக்குகிற பட்டு வேட்டி. கல்யாண மாப்பிள்ளையை இந்த மழையில் மலையேற விட்டது என் வாய்தானே? குலசாமியை நினைத்துக் கும்பிட்டேன். என் வீம்பு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

"கல்யாண மண்டபம் ஐந்து கிலோமீட்டர்" என்றாள் அந்தப் புண்ணியவதி. அவள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போல இருந்தது.

வாசலை விட்டு இறங்கி மேட்டு விளிம்புக்குப் போனேன். கீழே பள்ளத்தில் சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஏறினால் எங்கள் லயம், இடது பக்கம் போனால் காய் உலர்த்துகிற ஸ்டோர். மழைக்கோட்டும் பட்டு வேட்டியுமாக ஒரு பைக் அங்கே வந்து நின்றது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் துளிகூடக் கிடையாது. போனை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், உதறினான். கடைசியில் பைக்கை இடது பக்கம் திருப்பினான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்குத் தொண்டையே ஆடிவிட்டது.

"டேய் நிலவா! அங்கிட்டு எங்கடா போற? இங்கிட்டு வாடா கூறுகெட்டவனே! வலது பக்கம் ஏறு!"

பின்னால் என் வீட்டுக்காரர், "நானா ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அவரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

நிலவன் படி ஏறி வந்தான். முழங்கால் வரை சேறு. மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். அதில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, நசுங்கிப்போன வாழைப்பழம். எல்லாவற்றுக்கும் அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு காகிதப் பத்திரிகை.

"உனக்காக ஒண்ணே ஒண்ணு அடிச்சேங்க்கா" என்றான். "நேத்துச் சாயந்தரந்தான் அச்சாபீஸ்ல குடுத்தாங்க. அப்பவே வந்திருக்கணும். ஆத்தா மாப்பிள்ளை வெளிய போகக்கூடாதுன்னு விடல. காலைல யாருக்கும் சொல்லாம வந்துட்டேன். தப்புத்தாங்க்கா. வந்து நடத்திக் குடுக்கா."

தட்டை நீட்டிவிட்டுக் காலில் விழுந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையிலிருந்த போனில் அவள் முந்திக்கொண்டாள்.

"கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். வருக, வருக."

நிலவன் திடுக்கிட்டு எழுந்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு முந்தானையால் அவன் தலையைத் துவட்டினேன். துவட்டிக்கொண்டே முதுகில் இரண்டு வைத்தேன். அதுவரை அவன் வாங்காமல் தப்பித்ததற்கும் சேர்த்துத்தான்.

அப்போது கீழே வண்டிச் சத்தம். ஒன்றல்ல, இரண்டு வேன். முன்கண்ணாடியில் பூமாலை. முதல் வேனிலிருந்து இறங்கினவர் பெண்ணின் தாய்மாமன் திருப்பதி. அருப்புக்கோட்டையிலிருந்து விடிவதற்குள் கிளம்பியவர்கள். ஆளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்கடா கூத்து இது? போடிக்கு வந்தா மண்டபம் முந்தல்ல இருக்குங்குது. முந்தலுக்கு வந்தா மலைமேல ஓடுது. சரி, மலைக்கோயில்ல கல்யாணம் போலன்னு ஏறுனோம். அங்க என்னடான்னா, கேரளாவுக்கு வரவேற்கிறோம்னு போன்ல மெசேஜ் வருது! பொண்ண எந்த ராஜ்ஜியத்துக்குத்தான்யா கொண்டு போறீக?"

நிலவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயையோ, மாத்த மறந்துட்டேன்!"

"ஊருக்கே வழி காட்டுற சோலி பாக்கிறவன், உன் கல்யாணத்துக்கு வழி காட்டின லட்சணம் இதானா?" என்றேன். வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். திருப்பதி சிரிக்கக்கூடாது என்று மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

வேன் ஜன்னலிலிருந்து நெற்றிச்சுட்டியும் ஜடைப்பூவுமாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தமிழினி. கல்யாணப் பெண். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மதினி, நீங்க வந்து முடிச்சுப் போடலேன்னா நான் இந்த எடத்த விட்டு எறங்க மாட்டேன். அப்புறம் இதுதான் மண்டபம், சொல்லிட்டேன்."

அடி சக்கை! எனக்கு ஏற்ற ஆள்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"வெரசா அந்த அடுப்ப மூட்டுங்க" என்று என் வீட்டுக்காரரை விரட்டினேன். வந்த முப்பது பேருக்கும் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பால் விடாத கட்டன் சாயா. டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் வாங்கினோம். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் நான் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். சுருக்கமே இல்லை. தேய்த்து வைத்திருந்தேன் அல்லவா!

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பைக்கை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். ஜீப்பு முன்னால், இரண்டு வேனும் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. மண்டப வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்தாற்போல மலையிலிருந்து வந்து இறங்குவதைப் பார்த்த அம்மா, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். பானுப்பிரியா, "நல்லவேள வந்துட்டக்கா, எனக்கு முடிச்சே போடத் தெரியாது" என்றாள். பாவம், அவள்மேல்கூடக் கோபப்பட்டிருந்தேன்.

மேளம் கொட்டியது. நிலவன் முதல் முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டையும் நான் போட்டேன், இறுக்கி. கண்ணீரில் கயிறே சரியாகத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

அட்சதை விழுகிற சத்தத்துக்குள் குனிந்து அவன் காதில் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் விருந்துக்கு வீட்டுக்கு வரணும். லொக்கேஷன் அனுப்பவா?"

"வேணாங்க்கா" என்றான் தம்பி. "வழி தெரியும்."