இடது இறக்கையில் எட்டு ரிவெட்

விமானத்தைச் சோதிக்கும் ஆய்வாளர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்குத்தான் மார்லிஸ் அந்தப் படிவத்தைப் பார்த்தாள். ‘விமானத்தைக் கட்டியவர்’ என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர் இருந்தது. வெர்லின் டோலெஃப்சன்.

வீட்டிலேயே கட்டும் விமானத்துக்கு, கட்டியவர் என்று ஒரு பெயர்தான். வருடா வருடம் அதைத் தானே சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமையும் அந்த ஒருவருக்குத்தான். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஆறு மின்னசோட்டா குளிர்காலங்கள் இந்தப் பண்ணைக் கொட்டகையில் உட்கார்ந்து சேர்த்தவள் அவள். வரைபடம் படித்தது, துளை போட்டது, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி பதினோராயிரம் அடித்தது எல்லாம் அவள். அவள் அடிக்கும்போது மறுபக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்தவன் வெர்லின்.

"வெர்லின், என்ன இது?"

"எது? ஓ, அதுவா... பண்ணைல எல்லா ஃபாரத்துலயும் நான்தானே எழுதறேன். கை தானா போயிடுச்சு."

"டிராக்டருக்குப் போன கை விமானத்துக்கும் போயிடுச்சாக்கும்!"

"இப்ப அடிச்சுத் திருத்தினா அவருக்குச் சந்தேகம் வரும். ஒரு பேருதானே, விடேன்."

"ஒரு பேருதான். அதனாலதான் விட மாட்டேன்."

அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். ஆய்வாளர் ஹால்வர்சன் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் டார்ச், நீளக் குச்சியில் பொருத்திய கண்ணாடி. படிவத்தை வாங்கிப் படித்தவர், நேரே வெர்லினிடம் போனார்.

மார்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

இன்ஜின், வால், சக்கரம் என்று வரிசையாகக் கேள்வி. வெர்லின் எப்படியோ சமாளித்தான். இடது இறக்கைக்கு அடியில் குனிந்த ஹால்வர்சன் அங்கேயே நின்றுவிட்டார்.

"இங்க எட்டு ரிவெட் மட்டும் ஒரு சைஸ் பெரிசா இருக்கே. ஏன்?"

வெர்லின் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். "அது... பலத்துக்கு, சார்."

"அப்ப மத்த இடத்துக்கெல்லாம் பலம் வேண்டாமா?"

மார்லிஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"போன வருஷம் பிப்ரவரி ஒன்பது, சார். இவர் கட்டையைப் பிடிச்சுக்கிட்டே ரேடியோவுல ஹாக்கி கேட்டுக்கிட்டு இருந்தார். கட்டை சாஞ்சுடுச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள எட்டு ரிவெட் கோணிப் போச்சு. எல்லாத்தையும் துளைச்சு எடுத்தேன். ஓட்டை பெரிசாயிடுச்சு, அதான் அடுத்த சைஸ் அடிச்சேன். நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

ஹால்வர்சன் நோட்டைப் புரட்டினார். தேதி, அளவு, கோணிய ரிவெட்டின் படம் எல்லாம் இருந்தன. அவர் அதோடு விடவில்லை. முதல் பக்கத்திலிருந்து நின்ற நிலையிலேயே படித்தார். எல்லாம் ஒரே கையெழுத்து.

"நானூறு படம் இருக்கு. உங்க முழங்கையைத்தான் சார் அங்கங்க பார்த்தேன்" என்றார் வெர்லினிடம். "நிஜமாச் சொல்லுங்க. கட்டினது யாரு?"

வெர்லினின் காது சிவந்தது. மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை விலக்கவில்லை.

"இவதான். கூப்பிட்டப்ப வந்து கட்டை பிடிச்சது மட்டும்தான் நான். பேரைத் தப்பா எழுதிட்டேன், சார்."

ஹால்வர்சன் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து மார்லிஸிடம் நீட்டினார். பதினோராயிரம் ரிவெட் அடித்த கையால் அவள் தன் பெயரை எழுதினாள்.

சனிக்கிழமை விமானத் திடலின் கூடத்தில் விமானக்காரர்களின் வழக்கமான காலைச் சாப்பாடு. பான்கேக் தட்டோடு வந்த ஒருவர் வெர்லினின் முதுகில் தட்டினார்.

"உன் விமானம் பாஸாமே!"

"என் விமானமா?" வெர்லின் எழுந்து நின்று, கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னான். "கட்டினவ அதோ உக்காந்திருக்கா. நான் பிடிச்சுக் கெடுத்தது எட்டே ரிவெட். அதையும் அவ பிடுங்கிப் போட்டுட்டா!"

மார்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு பான்கேக் கேட்டாள்.