வேதமணி மிஸ்

கறுத்த பாட்டிலை மேடையில் இருந்த மேசையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோதுதான் அலினா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் சாம்பல் நிறப் பட்டு. மடியில் கைப்பை, அதன்மேல் மடித்து வைத்த கண்ணாடி. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவளைப்போல முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து இருந்தது. அம்மாவை அவள் அழைக்கவில்லை. இந்த மாதிரிக் கூட்டம் எதற்குமே அழைத்ததில்லை. அழைக்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தேடி வைத்திருந்தாள்.

பூனாவின் கேம்ப் பகுதியில் ஒரு பழைய அரங்கு அது. அறிவியலிலும் சமூகத் தொழில்முனைவிலும் இருக்கும் பெண்கள் தங்கள் பணிவாழ்க்கையைப் பற்றிப் பேசும் கூட்டம். அலினாவுக்கு முன்னால் பாமா பேசினார். அரசு ஆய்வகத்தில் மண்ணை ஆராய்ந்தே தலை நரைத்தவர். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண்களுக்கான கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருந்ததையும், தான் எழுதிய கட்டுரையில் தன் பெயர் மூன்றாவதாக வந்ததையும் பஸ் நேரம் சொல்வதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், சொல்லத் தெரியவில்லை என்று அலினாவும் நினைத்தாள். அவளுக்குச் சொல்லத் தெரியும்.

அவளுடைய வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுண்ணுயிரியல் படித்து, நல்ல ஆய்வக வேலையை விட்டுவிட்டு, இந்தச் சின்ன பாட்டிலைக் கையில் எடுத்தவள். குழாய்த் தண்ணீரை இதில் பிடித்து வைத்தால், சாக்கடை கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். பூனாவின் நெருக்கமான பேட்டைகளில் பெண்கள் தங்கள் வீட்டுக் குழாயைத் தாங்களே சோதித்து, கறுத்த பாட்டிலோடு வார்டு ஆபீசுக்குப் போய் நிற்கிறார்கள். அவளிடம் சம்பளம் வாங்கும் பெண்களே முப்பது பேருக்கு மேல். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் எல்லாம் அம்மாவைப் பற்றியதுதான்.

முதலில் அதுவும் பொய்யாக இல்லை. ஒரு கோடையில் அவர்கள் குடியிருந்த விஷ்ராந்த்வாடியில் குழாய் வற்றிப்போய், டேங்கர் தண்ணீருக்கு அம்மா வாளியோடு வரிசையில் நின்றதும், அந்தத் தண்ணீரைக் குடித்துத் தம்பி ஜெர்சன் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் நடந்தவை. தொழில் தொடங்கிய புதிதில் மேடைப் பேச்சுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர், மூன்று நிமிடத்துக்குள் கேட்பவர் மனதில் ஒரு முகம் நிற்க வேண்டும் என்றார். அலினா அம்மாவின் முகத்தைக் கொடுத்தாள். அம்மா என்ன வேலை செய்தார்கள் என்று ஒருவர் கேட்டார். டீச்சர் என்றதும் எதிரே இருந்த முகங்களில் சூடு கொஞ்சம் தணிந்ததைக் கண்டாள். அடுத்த முறை அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அதற்கடுத்த முறை, படித்தவர்களா என்ற கேள்விக்குப் பேசாமல் இருந்தாள். பேசாமல் விட்ட இடத்தைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நிரப்பியது நன்றாக இருந்தது. அதை இவள் எடுத்துக்கொண்டாள். இப்படியே போய், வேதமணி எழுதப் படிக்கத் தெரியாதவளாக, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மகளைப் படிக்க வைத்தவளாக ஆகிவிட்டாள். பொருந்தாத ஒரு அளவை நீக்கினால் நீக்கியதாகக் குறித்து வைக்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் முதல் பாடம். அது தெரியாதவள் இல்லை அலினா.

உண்மையான வேதமணி, இந்த அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஓய்வு பெறும்வரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். தலைமை சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய சாவியால் சனிக்கிழமைகளில் பள்ளி ஆய்வகத்தைத் திறந்து, மகளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து மேசையில் பரீட்சைத் தாள் திருத்தியவள். பூச்சாடித் தண்ணீரின் ஒரு சொட்டில் என்னவோ நீந்துவதைக் கண்டு அலினா கத்தியபோது, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து, தானும் ஒரு கண்ணை மூடிக் குனிந்து வெகுநேரம் பார்த்தவள். அதை அலினா எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இன்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தை நடத்தும் ரீனா, அறிமுகம் செய்யும்போதே படிக்காத தாயின் மகள் என்று முழங்கிவிட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அலினா பாட்டிலைக் கீழே வைத்தாள். வாய் தன் பழக்கத்துக்குப் போயிற்று. நீல வாளி, டேங்கர் வரிசை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள், பாட்டில் லேபிளைப் படிக்கத் தெரியாமல் மகளிடம் நீட்டிய அம்மா. மூன்றாவது வரிசையைத் தவிர மற்ற எல்லா வரிசைகளையும் பார்த்துப் பேசினாள். கைதட்டல் அடங்க நேரமானது.

அது அடங்குமுன் ரீனா மைக்கைப் பிடித்து, ஒரு இன்ப அதிர்ச்சி இருக்கிறது என்றாள். ஜெர்சனுக்குப் போன் செய்து அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். அவன் விவரம் எதுவும் தெரியாமல் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு ஆகுர்டி தொழிற்சாலைக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். ரீனா அம்மாவை மேடைக்கு அழைத்து, இத்தனை காலம் தண்ணீர் சுமந்த தாய்க்கு என்று சொல்லி, சால்வை போர்த்தி, பளபளவென்று ஒரு செம்புக் குடத்தை அம்மாவின் கைகளில் கொடுத்தாள். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. பிறகு மைக்கை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

இனி எல்லாம் அம்மாவின் முதல் வாக்கியத்தில் இருந்தது. அம்மா இங்கிலீஷில் குட் ஈவினிங் என்று சொன்னாலே போதும், ஆறேழு வருடமாகச் சொன்ன கதை அங்கேயே உடைந்துவிடும். உடையட்டும் என்றுகூட ஒரு கணம் அலினா ஆசைப்பட்டாள்.

வேதமணி குடத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். சபையைப் பார்த்தபோது அவளுடைய நிமிர்ந்த முதுகு மெல்லக் கூனுவதை அலினா கண்ணால் கண்டாள்.

“மேரேகோ ஜாஸ்தி போல்னே நஹீ ஆத்தா,” என்றாள் அம்மா. தனக்கு அதிகம் பேச வராதாம். மகள் நன்றாகப் பேசுவாளாம். அதையும் சந்தையில் கேட்கும் உடைந்த இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டுக் கைகூப்பினாள். இந்தியில் ஆண்பால் பெண்பால் பிசகினால் ஆட்டோக்காரரிடம்கூட வருத்தம் தெரிவிக்கிறவள். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் ஆளாளுக்கு அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சுற்றி நின்ற கூட்டம் கலைந்தபின், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் டாக்டர் நஸ்ரின் என்று இருந்தது.

“வேதமணி மிஸ்?” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஏழாம் வகுப்பில் தான் கடைசி பெஞ்ச் என்று இங்கிலீஷில் தொடங்கினாள்.

அம்மா அவளை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று அதே உடைந்த இந்தியில் சொன்னாள்.

நஸ்ரினின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவள் அலினாவின் பக்கம் திரும்பினாள். ஒரு சொல் போதும். ஆமாம் என்ற ஒரே சொல். அலினா தன் கோப்பைக்குள் பார்த்தாள். தேநீரில் ஆடை கட்டியிருந்தது. அவள் நிமிர்ந்தபோது நஸ்ரின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

ஆட்டோவில் அம்மா குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பாலத்தைத் தாண்டியது.

“ஏம்மா அப்படிப் பேசுனீங்க?” என்றாள் அலினா. கேட்டபிறகுதான், கேட்க வேண்டிய கேள்வி இது இல்லை என்று தெரிந்தது.

“வேற எப்படிப் பேச? அத்தன பேரு முன்னால உன்னயப் பொய்யின்னு சொல்லவா?” அம்மா குரலை உயர்த்தவில்லை. “வகுப்புல ஒரு பிள்ள தப்பாச் சொன்னா, நாலு பேரு முன்னால திருத்துத பழக்கம் எனக்குக் கெடையாது. தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லுவேன்.”

“இப்ப தனியாத்தான் இருக்கோம். சொல்லுங்கம்மா.”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளந்தி ரோடு நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. திட்டப்போகிறாள் என்று அலினா காத்திருந்தாள். திட்டினால் அழுதுவிடலாம். அழுதால் பாதி குறையும்.

“வாளி பச்ச கலரு,” என்றாள் அம்மா கடைசியில். “நீலமில்ல.”

கொஞ்ச தூரம் போனபின், “அந்த நஸ்ரின் இருக்காளே, எழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா ஒரு தாளையும் முழுசா முடிச்சதில்ல. டாக்டராயிட்டாளா,” என்றாள்.

வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர். அலினா குடத்துக்காகக் கையை நீட்டினாள்.

“வேண்டாம். எனக்குத்தான குடுத்தாங்க.”

வேதமணி குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. பட்டுச்சேலையில் வழுக்கி இறங்கியது. இன்னொரு பக்கம் மாற்றி வைத்தாள். அங்கேயும் நிற்கவில்லை. பிறகு, விடைத்தாள் கட்டைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திப் படியேறத் தொடங்கினாள். அலினா இரண்டு படி பின்னால் போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் வெறும் குடம் கைப்பிடிக் கம்பியில் இடித்து, மாடி முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது.