கதகதப்பு உள்ள ஒரே அறை

அலுவலகத்திலிருந்து வந்த தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று குரங்குக்கு, மற்றது பறவைக்கு. உலகத்தில் எத்தனை மிச்சம், இங்கே எத்தனை, குட்டிக்கோ குஞ்சுக்கோ வாய்ப்பு உண்டா என்று எழுதித் தர வேண்டும். எங்கள் காப்பகத்தில் ஹீட்டர் ஓடுவது ஓர் அறையில்தான். அதில் பறவை இருந்தது. குளிர்காலம் முடியும்வரை அந்த அறை யாருக்கு என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

குரங்கைப் பார்த்துக்கொள்பவன் நான். பறவை என் தங்கை கணவரின் பொறுப்பு. தட்டை ஒழுங்காகக் கழுவினேனா என்று எட்டி எட்டிப் பார்ப்பதால் என் குரங்குக்கு மாமியார் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். மூன்று குட்டிகளைப் பறிகொடுத்த கிழவி. இனி ஈனப்போவதில்லை. இருமல் வேறு. பறவைக்கும் ஜோடி போன மாதம் செத்துவிட்டது. கடைசியாக ஒரு முட்டை இட்டிருந்தது. கூட்டில் மரமுட்டை ஒன்றை வைத்து, ஆசைகாட்டி இடவைத்தார் மச்சான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கு மாமியார்.

மச்சான் ஊருக்குப் போயிருந்தபோது, மாலைக்குள் தாள் வேண்டும் என்றார் மேலாளர். பறவை தீனிக்கு எழுந்த நேரம் பார்த்து முட்டையை டார்ச்சின் மேல் வைத்தேன். உள்ளே வெறும் மஞ்சள் வெளிச்சம். கூமுட்டை என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. பத்து நாள் ஆகாமல் வெளிச்சம் பார்க்கக் கூடாது என்று மச்சான் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். முட்டையிட்டு மூன்றே நாள். கதவில் தொங்கிய அட்டையில் தேதி இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

அன்றே இடம் மாற்றினார்கள். குளிர்க்கூண்டில் பறவை ஒரு வாரம் விடாமல் அடைகாத்தது. பிறகு எழுந்துபோய் மூலையில் நின்றுகொண்டது, திரும்பவில்லை. மறுநாள் வந்த மச்சான் என்னைக் கூப்பிட்டு, சில்லிட்டுப்போன முட்டையை டார்ச்சின் மேல் பிடித்தார். சிவப்பு நூலாக நரம்புகள். நடுவில் கறுப்புப் புள்ளி. அது அசையவில்லை.

"கூமுட்டைக்கு நரம்பு இருக்குமா மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

"உங்க மாமியாருக்கு எப்படி இருக்கு?"

"இருமல் நின்னுடுச்சு."

நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தீனித்தட்டை எடுத்துக்கொண்டு ஹீட்டர் அறைக்குப் போனேன். மாமியார் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோலில் விடுபட்டுக் கிடந்த மரமுட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மயிரே இல்லாத அதன்மேல் விரலால் நிதானமாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.