குர்பானிக் கொழுப்பு

ஷம்ஷாத் ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். மறுபடி கட்டினாள். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடியும் அவிழ்த்தாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மதார் சாகிப், வீங்கிய வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டு, முக்கியமான எதையோ பார்க்கிறவர் மாதிரி வாசலைப் பார்த்தார். தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில் அந்த நேரத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது.

ஜாடியில் இருந்தது ஆட்டுக் கொழுப்பு. யானைக்கவுனியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டில் பக்ரீத்துக்குக் கொடுத்த குர்பானியில் வந்தது. வருஷா வருஷம் அதை உருக்கி வடிகட்டி ஜாடியில் வைத்துவிடுவாள். ஒரு கரண்டி போட்டுத் தாளித்தால் ரேஷன் அரிசியின் புழுங்கல் நாற்றம்கூட ஓடிப்போகும். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த அரிசிக்கு மட்டும் விடிவு வரவில்லை என்பாள். இந்த வருஷம் அந்த ஜாடியைத் தொட முடியாமல் போனதற்குக் காரணம் மதார் சாகிப்பின் கை.

ஹார்பரில் கொக்கி போட்டு மூட்டை இழுக்கிற கை அது. மழைக்காலம் ஆரம்பித்ததும் விரல் மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கின. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மணிக்கட்டைத் தொட்டால் சுடும். ஒருநாள் கொக்கி நழுவி, மூட்டை கிருஷ்ணப்பன் மேஸ்திரியின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மேஸ்திரி திட்டவில்லை. கை சரியானதும் வா நைனா என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்கு எத்தனை பேர் ஹார்பர் கேட்டில் காத்துக் கிடக்கிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஹக்கீம் நாடி பார்த்து, உடம்புச் சூடெல்லாம் மூட்டில் போய் இறங்கியிருக்கிறது, கொழுப்புதான் அதற்கு விறகு என்றார். விரல் மடங்குகிறவரை நெய், எண்ணெய், கறி எதுவும் கூடாது.

அப்படியானால் வீட்டில் யாருக்கும் கிடையாது என்று ஷம்ஷாத் சொல்லிவிட்டாள். அவர் பத்தியம் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து தாளித்துச் சாப்பிட அவளால் முடியாது. அவளும், அவருடைய தங்கை அஜீசுன்னிசாவும் அவரோடு சேர்ந்து உப்புக் குறைத்த பருப்புக் கஞ்சியும் வெந்த சுரைக்காயும் தின்றார்கள். அஜீசுன்னிசா புருஷன் போனபிறகு எண்ணூரில் மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்து, அண்ணன் நிழலே போதும் என்று இந்த மழைக்காலத்தில்தான் வந்து சேர்ந்தவள். ஷம்ஷாத்தின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. குர்பானிக் கொழுப்பை விற்கக் கூடாது, கொட்டவோ மனசு வராது. அவர் கை மடங்குகிற அன்றைக்குத்தான் திறப்பது என்று மனசில் நேர்ந்து நிய்யத்து வைத்து, பிஸ்மி சொல்லி, ஜாடியைத் துணியால் கட்டி வைத்தாள்.

அந்தத் துணியைத்தான் மதார் சாகிப் அவிழ்த்தார். வேலை இல்லாத மத்தியானம். பெண்கள் தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றார்கள். மார்கழிக் குளிரில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. விரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த தடவை கஞ்சியில் போட்டுக்கொண்டார். எடுத்த இடம் தெரியாமல் கட்டைவிரலால் மெழுகிவிட்டு, முடிச்சைப் பல்லால் இறுக்குவார். ஜும்மா தவறாத மனுஷன், தலை நரைத்தவர், சொந்த வீட்டிலேயே திருட்டுப் பூனை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் துணியைக் கட்டியபிறகுதான் வரும், அவிழ்க்கும்போது வராது.

ஒரு மத்தியானம் அஜீசுன்னிசா குடத்தோடு சீக்கிரம் திரும்பிவிட்டாள். வாசலில் அவள் நிழல் விழுந்தது. உள்ளே வராமல் குடத்தைப் படியில் டங்கென்று வைத்தாள். வேண்டாத இருமல் ஒன்று இருமினாள். அவர் வாயைத் துடைத்து, ஜாடியைக் கட்டி, பாயில் வந்து உட்காருகிற வரைக்கும் வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்தபிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவேளை, அவரும் பார்க்கவில்லை.

வீக்கம் குறையவே இல்லை. பாத்திரத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும் என்று ஷம்ஷாத் எல்லாவற்றையும் சாம்பல் போட்டு, கை எரிய எரியத் தேய்த்தாள். கடைசியில் புது மண்சட்டி வாங்கி வந்தாள். அவள் தேய்க்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மதார் சாகிப்புக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். மறுநாள் மத்தியானமும் ஜாடியைத்தான் தேடிப் போவார்.

இப்போது ஜாடியை அவிழ்த்துப் பார்த்த ஷம்ஷாத், கொழுப்பின் மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டு திரும்பினாள்.

"இதுல யாரு கை வச்சது?"

சொல்லிவிடலாம். நாலெழுத்து. அது அவர் தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. புது மண்சட்டி அடுப்பில் இருந்தது. அதைப் பார்த்ததும் வந்தது திரும்பி உள்ளே போய்விட்டது.

"நான்தான் அண்ணி," என்றாள் அடுப்பங்கரையிலிருந்து அஜீசுன்னிசா. "ஆச வந்துச்சு. எட்த்துட்டேன்."

ஷம்ஷாத் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா, அண்ணன் வூட்லேந்து உனக்குன்னு வாங்கியாந்து குட்த்திருப்பேனே. அவரு கை மடங்கணும்னு கட்டி வச்சுகினு கீறேன் நானு." அவருக்கு ஏன் குணமாகவில்லை என்பதற்கு அவளுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. நிய்யத்து கெட்டுவிட்டது. சாயங்காலம் புருஷனிடம் தணிந்த குரலில், தங்கச்சி கொஞ்ச காலம் எண்ணூரிலேயே இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் சரி என்றார். அந்தச் சரியைச் சொன்ன வாயை அவராலேயே மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். சாப்பிட்டதும் தங்கையைக் கொருக்குப்பேட்டையில் ரயிலேற்றிவிட வேண்டும். அவள் துணிமூட்டை வாசலில் இருந்தது. இருவருக்கும் எதிரெதிரே தட்டு வைத்தாள் ஷம்ஷாத். அவருக்குக் கஞ்சி. அஜீசுன்னிசாவுக்குச் சுடுசோறு. கெட்டுப்போன நிய்யத்துக்கு இனிக் கட்டு எதற்கு என்று ஜாடியைத் திறந்தாள். ஓரமாகக் கரண்டியைவிட்டுப் பெரிய கட்டியாகத் தோண்டி, சோற்றின் மேல் வைத்தாள்.

"ஆசப்பட்ட. துன்னுட்டுப் போ. வயிறெரிய அனுப்ச்சேன்னு இருக்க வேணாம்."

பழி தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள். அவளுக்குத் தெரியாத ஒன்று மதார் சாகிப்புக்குத் தெரியும். அஜீசுன்னிசாவுக்குச் சின்ன வயசிலிருந்தே கொழுப்பு ஆகாது. கல்யாண வீடுகளில் நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, தன் பக்கம் வந்த கொழுப்புத் துண்டுகளை ஒற்றை விரலால் அண்ணன் பக்கம் தள்ளிவிடுவாள். அவர் வாயில் போட்டுக்கொள்வார். வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும்.

முதல் கவளத்தை எடுத்தாள். மென்று முடிக்காமலே விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு அவள் உதட்டில் வெள்ளையாகப் படிந்தது. இரண்டாவது கவளத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மெதுவா துன்னு என்றாள் ஷம்ஷாத், இரக்கத்தோடு. அஜீசுன்னிசா தலையை ஆட்டி, மூன்றாவது கவளத்தைப் பிசைந்தாள். இந்தத் தடவை எதையும் யார் பக்கமும் தள்ளவில்லை.

மதார் சாகிப் கையை நீட்டினார். விரல் மடங்காததால் கவளமாக அள்ள முடியவில்லை. உள்ளங்கையின் ஓரத்தால், மண்ணை வாருகிற மாதிரி, அவள் தட்டிலிருந்த கொழுப்புச் சோற்றைத் தன் தட்டுக்கு இழுத்தார். பாதி பாயில் சிந்தியது.

"வேணாண்ணே," என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் தின்றார். தலை நிமிராமல், வழித்து வழித்துத் தின்றார். உருகிய கொழுப்பு விரல்களில் வழிந்து வீங்கிய மணிக்கட்டு வரை இறங்கியது. ஷம்ஷாத் கரண்டியும் கையுமாக நின்று அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பக்கத்தில் திறந்திருந்த ஜாடிக்குள் பார்த்தாள். கரண்டி தோண்டாத பக்கத்தில், வெள்ளைக் கொழுப்பின் மேல், அகலமாக ஒரு விரல் மெழுகிய தடம் அப்படியே உறைந்திருந்தது.