இரண்டு சம்பளத் தாள்கள்

கிருசிகா இரண்டு தாள்களைச் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்திருந்தாள். சென்ற வருடம் ஏப்ரலிலும் மேயிலும் கணவன் பானுஜனுக்கு வந்த சம்பளத் தாள்கள் அவை. இரண்டிலும் மொத்தச் சம்பளம் ஐயாயிரத்து அறுநூறு பிராங்தான். முதியோர் காப்புறுதியும் வேலையிழப்புக் காப்புறுதியும் ஓய்வூதிய நிதியும் ஒரு சதம்கூட மாறவில்லை. ஆனால் கைக்கு வந்த தொகையில் மட்டும் இருநூற்று நான்கு பிராங் குறைந்திருந்தது. சம்பளத்திலேயே முன்கூட்டிக் கழிக்கும் 'மூலத்தில் பிடித்த வரி' ஏப்ரலில் நூற்று நாற்பத்தெட்டாக இருந்தது. மேயில் அது முந்நூற்று ஐம்பத்திரண்டாகியிருந்தது. அதே வேலை, அதே சம்பளம். எப்படி யோசித்தும் அவளுக்குக் காரணம் பிடிபடவில்லை.

மே மாதத்தில் நடந்த ஒரே புதிய விஷயம் அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதுதான்.

சுவிஸ் நகரமான வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் விடியற்காலைத் துப்புரவு வேலை. கைக்கு ஆயிரத்து இருபது பிராங் வந்தது. மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட நானூற்று எண்பது போனது. பானுஜனின் தாளில் குறைந்ததையும் கழித்தால் மிச்சம் முந்நூற்று முப்பத்தாறு.

"முந்நூற்று முப்பத்தாறுக்கு நாலு மணிக்கு எழும்புறீர்" என்றான் பானுஜன், தேநீரை ஆற்றியபடி. "குளிருக்கை பஸ்சுக்கு நிக்கிறீர். பிள்ளை அரை நித்திரையிலை காப்பகம் போகுது. ஆருக்காக?"

"மே வந்தால் ஒரு வருசமப்பா. பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்புறம் எண்டு மனேஜர் சொன்னவ."

"சொல்லுவினம். வேலையை விடுற கடிதத்தை முப்பத்தோராம் திகதிக்கு முன்னம் குடுத்தால் ஏப்ரலோடை முடியும். பிந்தினால் இன்னொரு மாசம் இழுபடும்."

வேலைவிலகல் கடிதத்தை அவனே தட்டச்சு செய்து வைத்திருந்தான். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அன்று மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை.

அன்றுதான் அவர்கள் உடுப்புத் தோய்க்கும் முறைநாளும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொது அறைக்குக் கூடையோடு இறங்கிய கிருசிகா, கூடைக்குள் அந்த இரண்டு தாள்களையும் போட்டுக்கொண்டாள். மூன்றாம் மாடி உஷா அங்கே காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உஷா கோயம்புத்தூர்க்காரி. ஓர்லிகோனில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள்.

"உஷா அக்கா, இதை ஒருக்கால் பாருங்கோவன். இவரின்ரை கொம்பனி களவெடுக்குதோ?"

உஷா தாள்களை வெளிச்சத்தில் பிடித்தாள். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"யாரும் திருடலைங்க. இந்த எழுத்தைப் பாருங்க. ஏப்ரல்ல B1N. மே மாசத்துல C1N. கடைசி N, சர்ச் வரி கிடையாதுன்னு அர்த்தம். நடுவுல ஒண்ணு, உங்க பொண்ணு. முதல் எழுத்துதான் விஷயம். B-ன்னா வீட்ல ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கிறார். C-ன்னா ரெண்டு பேரும்."

"நான் எடுக்கிறதுக்கு என்ரை தாளிலையே வரி பிடிக்கினமே. பிறகேன் இவரிட்டையும்?"

"இங்க உள்ள வரி மொத்தக் குடும்ப வருமானத்துக்கு. வருமானம் ஏற ஏற சதவீதமும் ஏறும். ஆனா அவரோட கம்பெனிக்கு உங்க சம்பளம் எவ்வளவுன்னு தெரியாது. தெரியாதப்போ என்ன பண்றது? ஒரு எண்ணை வச்சுக்குவாங்க. அவரை மாதிரியே நீங்களும் வாங்குறீங்கன்னு."

கிருசிகா கையிலிருந்த ஈரச் சட்டையைக் கீழே வைத்தாள். "நான் ஐயாயிரத்து அறுநூறு எடுக்கிறனெண்டோ?"

"பேப்பர்ல நீங்க பெரிய ஆளுங்க" என்று சிரித்தாள் உஷா.

கிருசிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத சம்பளத்துக்கு அவர்கள் கிட்டத்தட்ட பதினொரு மாதமாக வரி கட்டி வந்திருக்கிறார்கள். அந்த வரிதான் அவள் வேலையையும் வீணாகக் காட்டியிருக்கிறது.

"திரும்ப எடுக்கலாமோ?"

"எடுக்கலாம். வருஷம் முடிஞ்சப்புறம் உண்மையான கணக்கைப் பாருங்கன்னு கன்டோன், அதாவது இந்த மாநிலத்தோட வரி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடணும். போன வருஷத்துக்குக் கடைசி நாள் மார்ச் முப்பத்தொண்ணு. அதாவது செவ்வாய்." உஷா தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. போட்டா வாபஸ் வாங்க முடியாது. இனிமே வருஷா வருஷம் படிவம் நிரப்பணும். அதோட, தாள்ல இருக்கிற அந்த ஒரே தொகைக்குள்ள மூணு வரி இருக்கு: நாட்டோடது, கன்டோனோடது, ஊரோடது. ஊர் வரிக்கு இப்ப கன்டோன் முழுக்க ஒரு சராசரியைப் பிடிக்கிறாங்க. உண்மைக் கணக்குல வின்டர்தூரோட சொந்த விகிதம் வரும். அது சராசரியை விடக் கொஞ்சம் அதிகம். சிலருக்கு மேல கட்ட வரும்."

உஷா தொலைபேசியில் கன்டோனின் கணிப்பானைத் திறந்து எண்களைப் போட்டாள். காப்பகச் செலவையும் போட்டாள். கூடுதலாகப் பிடித்தது ஆயிரம் பிராங்கை ஒட்டி இருந்தது.

மேலே வீட்டில், பானுஜன் அவளைச் சொல்லி முடிக்கவே விடவில்லை.

"வரி ஒபிசுக்குக் கடிதமோ? நிரந்தர வதிவிட அனுமதிக்குப் போட்டிருக்கிற நேரத்திலை? சும்மா கிடக்கிறதைப் போய்க் கிண்டாதையும்."

அகதியாக வந்து, ஒவ்வொரு கடித உறையையும் பயத்தோடு திறந்து பழகியவன் அவன். எந்த அலுவலகத்துக்கும் தானாக எழுதுவதில்லை என்பது அவனுடைய சட்டம். அவனுக்குத் தெரிந்த பாதிப் பேருடைய சட்டமும் அதுதான்.

"என்ரை கூட்டாளி கிஷோபனும் இதைத்தான் செய்தவன். ஆயிரத்து எண்ணூறு திருப்பிக் கட்டினவன். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?"

இந்த இடத்தில்தான் கிருசிகா தடுமாறினாள். உஷா சொன்ன ஆபத்து இதோ, பெயரோடும் தொகையோடும் முன்னால் நிற்கிறது. கடிதமும் அதன் பக்கத்தில் பேனாவும் மேசையில் இருந்தன. அவள் பேனாவைத் தொடவில்லை.

"கிஷோபன்ரை மனிசி எவ்வளவு எடுக்கிறா?"

"எனக்கென்ன தெரியும்."

"போன் எடுத்துக் கேளுங்கோ. ஒரு கேள்விதான். அவ கிஷோபனளவு எடுக்கிறாவெண்டால், அவர் ஏன் கட்டினவரெண்டு எனக்கு விளங்கும். இல்லையெண்டால் நான் இப்பவே இந்தக் கடிதத்திலை கையெழுத்து வைக்கிறன்."

பானுஜன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"மச்சான், உன்ரை மனிசிக்கு எவ்வளவு சம்பளம்?"

"ஏன்ரா, கடன் கேக்கப் போறியோ?" என்றது கிஷோபனின் குரல். "என்னை விட நூறு பிராங் கூட. நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்."

தொலைபேசியை வைத்த பிறகு கிருசிகா மெல்லச் சொன்னாள். "பாருங்கோ. மனிசியும் மனிசனளவு எடுக்கிறா எண்டு கொம்பனி வைச்ச எண் அவைக்குச் சரி. அப்ப திரும்பி வர ஒண்டுமில்லை, ஊர் வரி வித்தியாசம் மட்டும்தான் மேலாலை வந்தது. எங்களுக்கு அந்த எண் பிழை. நான் எடுக்கிறது அதிலை அஞ்சிலை ஒரு பங்கு. அவைக்குக் காப்பகச் செலவும் இல்லை, எங்களுக்கு இருக்கு."

பானுஜன் இரண்டு தாள்களையும் இழுத்து, B, C என்ற எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். சென்ற மே மாதத்தில் வேலைத்தலத்தில் 'மனைவி வேலை செய்கிறாரா' என்று ஒரு படிவம் தந்தார்கள். ஆம் என்று அடையாளம் இட்டது அவனே. அது எதற்கென்று யாரிடமும் கேட்கவில்லை.

"அனுமதிக்குப் பிரச்சினை வராதோ?"

"அது கிடைச்ச பிறகு சம்பளத்திலை வரி பிடிக்கமாட்டினம், எல்லாரும் வருசா வருசம் இந்தப் படிவம் நிரப்பத்தானே வேணும். நாங்கள் கொஞ்சம் முந்தித் தொடங்குறம்."

அவன் வேலைவிலகல் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தான். பிறகு, "எங்கை வைக்கிறது கையெழுத்து?" என்றான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கிருசிகா பதிவுத் தபாலில் சேர்த்தாள். வேலைவிலகல் கடிதம் போகவில்லை. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: சென்ற வருடத்து வரியை உண்மை வருமானத்தின்படி மீண்டும் கணக்கிடும்படி மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் கன்டோன் வரி அலுவலகத்திடம் கேட்டார்கள். இனி ஊகித்த ஐயாயிரத்து அறுநூறுக்குப் பதிலாக அவளுடைய உண்மையான சம்பளம் கணக்கில் வரும். காப்பகச் செலவு வருமானத்திலிருந்து கழிக்கப்படும். மாதா மாதம் கூடுதலாகப் பிடித்த வரி, வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்.